அவர் மூடி வைத்த பாட்டில்

என் வாயால்தான் எனக்கு அந்த ரூம் கிடைத்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திருவொற்றியூரில் விம்கோ நகர் தாண்டி, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கிற ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் எங்கள் கம்பெனி. சின்னக் கம்பெனிதான். இருமல் சிரப், பசி டானிக், குழந்தைகளின் வயிற்று வலிக்கு ஒரு மருந்து. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நான் அங்கே லேபில் இருந்தேன். காய்ச்சி இறக்கிய சிரப்பின் அடர்த்தி என்ன, புளிப்பு என்ன, உள்ளே போட்ட மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்த பிறகுதான் சரக்கு வெளியே போகும். என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடு எனக்குத் தினமும் சண்டை. பிப்பெட்டைக் கழுவாமல் வைத்தால் கத்துவேன். என் நாற்காலியில் பையைப் போட்டால் கத்துவேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் ஒரு வருஷம் அந்த லேபில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். எங்கள் முதலாளி ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு மிஷினோடு வந்தார். பார்க்க ஒரு பெட்டி. மேலே கண்ணாடித் தட்டு, தட்டுக்கு அடியில் கேமரா. சிரிஞ்சு முனையில் ஒரு சொட்டு மருந்தைத் தொங்கவிட்டு, கண்ணாடியில் பட்டும் படாமலும் இறக்கி, கறுப்புத் துணியால் மூடி, பட்டனை அமுக்க வேண்டும். ஒரு நொடி ஹை வோல்டேஜ் பாயும். சொட்டைச் சுற்றி நீல வெளிச்சம் சிலிர்த்துக்கொண்டு கிளம்பும். கேமரா அதைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் காட்டும். மருந்து நல்லதாக இருந்தால் வெளிச்சம் முழு வட்டமாக வருமாம். கெட்டுப்போயிருந்தால் அங்கங்கே பிய்ந்து வருமாம்.

"மருந்தோட உயிரையே படம் புடிச்சிடுதும்மா இது," என்றார் முதலாளி.

"சர்க்கரைப் பாகுல உயிர் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

கூட இருந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "கேள்வி கேக்கற ஆளு நீதான். நீயே உக்காந்து பாத்து சொல்லு," என்றார். மறுநாளே மிஷின் என் தலையில் விழுந்தது. பழைய டெஸ்ட் எதையும் அவர் நிறுத்தவில்லை, அந்த மட்டும் புண்ணியம். வெளியூர் ஏஜெண்டுகள் வந்தால் இட்டுக்கொண்டு வந்து காட்டுவதற்குத்தான் இது. ஆனால் தினமும் ஒவ்வொரு பேட்சையும் படம் பிடித்தாக வேண்டும்.

மிஷினுக்கு இருட்டு வேண்டும். அதனால் பின்பக்கம் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி, ஜன்னலில் கறுப்புப் பேப்பர் ஒட்டி, என்னையும் அதையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஃபேன் போடக் கூடாது, சொட்டு ஆடும். ஒரு பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு இரும்பு அலமாரி. அதில் கண்ட்ரோல் சாம்பிள்கள் இருந்தன. அதாவது ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பாட்டில்களை எடுத்து அப்படியே வைத்துவிடுவோம். வெளியே போன மருந்தைப் பற்றி யாராவது புகார் சொன்னால் எடுத்துப் பார்ப்பதற்கு. புகார் வராதவரைக்கும் எவரும் மூடியைத் தொட மாட்டார்கள். தேதி முடிந்த பிறகும் கொஞ்ச காலம் இருக்கும், அப்புறம் கொட்டிவிடுவோம். அந்த அலமாரிச் சாவியும் என்னிடமே வந்தது.

கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? சண்டை போடவாவது ஆள் இருந்த இடத்திலிருந்து, எச்சில் விழுங்கினால் அந்தச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். ராயபுரத்தில் மாடியில் ஒரு போர்ஷன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி ஆவடிப் பக்கம் குடும்பத்தோடு இருந்தான், தீபாவளிக்கு வருவான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான்தான் எதற்கும் அமையவில்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போவேன். ஒருத்திக்கு எவ்வளவு மீன் வேண்டும்? பேரம் பேசத்தான் போவேன். "வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு," என்று ஒரு மீன்காரம்மா திட்டினாலும் அது என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதானே. வாரத்துக்கு அது போதும் என்று வந்துவிடுவேன்.

மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தினமும் காலையில் முதலில் கண்ணாடியில் நம் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் அதைப் பொருத்திவிட்டுப் போன ஆள். வைத்தால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். ஜெராக்ஸ் கடை வாசனை வரும். மானிட்டரில் விரல் நுனியைச் சுற்றி, தீபாவளிக்குத் தரையில் விடுகிற சங்குசக்கரம் மாதிரி நீல முள்ளாக ஒரு வட்டம் வரும். என் வட்டத்தில் மட்டும் ஒரு பக்கம் ஓட்டை. எப்போதோ ஆசிட் பட்டு அந்த இடத்தில் தோல் தடித்திருந்தது, வேறொன்றுமில்லை.

ஒரு நாள் சாம்பிள் டிரேயைக் கொண்டுவந்த பேக்கிங் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா இது, வெரல்ல லைட்டு எரியுது!" என்று வாயைப் பிளந்தாள். வை உன் விரலையும் என்றேன். வைத்தாள். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் என் வாசலில் நின்றது.

அதற்கப்புறம் அந்த ரூம் கிளி ஜோசியக்காரன் மரத்தடி மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள், பெண் பார்க்க ஆட்கள் வரப் போகிறவள், தலைவலிக்காரி, எல்லோரும் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, எனுது நல்லா கீதா?" இது வேர்வைடி, கை வேர்த்திருந்தால் ஒரு மாதிரி வரும், காய்ந்திருந்தால் ஒரு மாதிரி வரும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. யார் கேட்டார்கள்? ஷிப்டுக்கு முன்னால் கருவாடு காயப்போட்டுவிட்டு வருகிற ஒருத்திக்கு எல்லோரையும்விடப் பெரிய வட்டம் வந்தது. அவளுக்கு ராஜயோகம் என்றார்கள். "அடிப் பாவிங்களா, அது கையில ஒட்டின உப்புடி!" என்று கத்தினேன். மறுநாளிலிருந்து ஆளாளுக்கு விரலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு உப்புப் பொட்டலமே என் மேஜை மேல் குடியேறியது. தலையில் அடித்துக்கொண்டேன்.

என் வட்டத்து ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கண்ணாலம் ஆவல, அதான் அங்க தொறந்து கீது. மாப்ள அது வழியா வருவான்," என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். போடி கழுதை என்று துரத்தினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

மருந்துகளின் கதையும் விரல் கதைதான். காலையில் படம் பிடித்த பேட்ச் எல்லாம் முழு வட்டம். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஏறியதும், அதே பாட்டிலிலிருந்து எடுத்த சொட்டு பிய்ந்து பிய்ந்து வரும். "சார், இது மருந்தப் பாக்கல, காத்தப் பாக்குது," என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? காலையிலேயே எடுத்து முடிச்சுடு," என்றார்.

விரல் காட்ட வராத ஒருத்தியும் இருந்தாள். மூடி போடுகிறவள். பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களுக்குக் கையால் மூடியை வைத்து ஒரு திருகு திருகி அனுப்புவாள். கையைப் பார்த்தால் திருகுவதே தெரியாது. வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள், உள்ளே வர மாட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்க்கா. எங்க வூட்டுக்காரரு கேட்டா சிரிப்பாரு," என்பாள். புருஷன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார்.

அந்தக் கார்த்திகையில் படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. இரவில் ஒன்றுக்குப் போகப் படகின் ஓரத்துக்குப் போனவர், விடிந்து பார்த்தால் ஆள் இல்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடினார்களாம். உடம்பும் கிடைக்கவில்லை. எங்களுக்குச் செய்தி வந்த அன்று பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். நானும் போய் ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்தேன். அவள் அழவில்லை. ஆந்திரா பக்கத்துப் படகு ஏதாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஒயர் கூடையோடு என் ரூமுக்கு வந்தாள். பின்னாலேயே மற்ற பெண்கள். கூடைக்குள் கையை விட்டுத் துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தாள். எங்கள் இருமல் சிரப். பாதி இருந்தது.

அவர்களோடு பேசினால் எனக்கும் என் ராயபுரம் வாய் வந்துவிடும். "இன்னாடி இது?" என்றேன்.

"போறதுக்கு முந்தி இருமிகினே கீந்தாரு. நான்தான் குடுத்தேன். மூடில ஊத்திக் குடிக்கற பழக்கமே இல்ல அவருக்கு. அப்படியே வாய் வெச்சிக் குடிச்சிட்டு, அவரே மூடி வெச்சிட்டுப் போனாரு. நான் இன்னும் தொறக்கல." மூச்சு வாங்கினாள். "எல்லாரு வெரலும் பாத்து சொல்றல்ல? அவரு வெரலுக்கு நான் எங்க போவேன்? இது அவரு வாய் வெச்ச மருந்து. இத்தப் பாரு. வெளிச்சம் வந்தா ஆளு கீறாருன்னு அர்த்தம்."

நான் குனிந்து லேபிளில் பேட்ச் நம்பரைப் படித்தேன்.

"ஞாயித்துக்கெழம காரியம் வெச்சிட்டாங்கக்கா. என் தாலியக் கழட்டி வாங்கணுமாம். நீ பாரு. வெளிச்சம் மட்டும் வரட்டும், எவ வந்து என் கழுத்துல கைய வெக்கறான்னு பாத்துடறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. வெளிச்சம் வராமல் போய்விடுமோ என்று இல்லை. வெளிச்சம் வரும். எதை வைத்தாலும் வரும். மத்தியானமாக இருந்தாலும் பிய்ந்தாவது வரும். நான் பட்டனை அமுக்கினால் போதும், அவள் ஆயுசு முழுக்க அந்த நீல வெளிச்சத்தை நம்பிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வாசலில் நிற்கிற அத்தனை பேரும் என்னைத் தெய்வம் என்பார்கள். அதற்கப்புறம் அந்த ரூமில் ஒரு நாளும் நான் தனியாக உட்கார வேண்டியிருக்காது. இது அத்தனையும் அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தோன்றியது.

"சொட்டு எடுக்கணும்னா மூடியத் தொறக்கணும்டி," என்றேன்.

அவள் மூடியில் கை வைத்தாள். நாள் முழுக்க மூடி திருகுகிற கை. அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு திருகாமல் அப்படியே நின்றது.

"வேணாம்," என்று கத்திவிட்டேன். "தொறக்காத. கைய எடு."

குடி தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டேன். அவர்கள் கொண்டுவந்து வைத்த பொட்டலத்திலிருந்து உப்பை எடுத்துக் கலக்கினேன். சிரிஞ்சில் இழுத்து, சொட்டைத் தொங்கவிட்டு, துணியைப் போட்டுப் பட்டனை அமுக்கினேன். மானிட்டரில் சக்கரம் மாதிரி பளபளவென்று வந்தது. வாசலில் நின்றவர்கள் "யம்மா!" என்றார்கள்.

"பாத்துக்கோ. இது யாரு வாய் வெச்சது? பைப்புத் தண்ணி, உப்பு. இதுக்கே இவ்ளோ வெளிச்சம். எத்த வெச்சாலும் எரியும். இந்த மிஷினுக்கு உன் வூட்டுக்காரரத் தெரியாதுடி. என்னையும் தெரியாது. யாரையும் தெரியாது."

அவள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பாட்டிலைத் துண்டில் சுற்றினாள், குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி.

"நீ யாருக்காவும் காத்துகினு இருந்ததில்ல," என்றாள். "உனக்காவும் யாரும் காத்துகினு இல்ல. அதான் உனக்கு எல்லாம் வெறும் தண்ணியாத் தெரியுது."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் கோபம் வந்திருக்கும், சண்டைக்குப் போயிருப்பேன். பொய் இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வாங்கப் போகவில்லை. காரியம் நடந்ததென்று திங்கட்கிழமை கேள்விப்பட்டேன். சில நாளில் அவள் வேலைக்கு வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பெல்ட்டில் மூடி திருகினாள், என் பக்கம் திரும்பவில்லை.

விரல் நீட்டவும் யாரும் வரவில்லை. உப்புப் பொட்டலம் கசிந்து மேஜையில் ஒரு வட்டம் விட்டது. டிரேயை வாசலிலேயே வைத்துவிட்டு, "அக்கா, சாம்பிளு," என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். "இன்னாங்கடி, என்னப் பாத்தா பேயாத் தெரியுதா?" என்று நானாகவே ஒருமுறை வாய் கொடுத்துப் பார்த்தேன். "அதெல்லாம் இல்லக்கா," என்றார்கள் மரியாதையாக. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் காலையில் விரலை வைப்பேன், ஓட்டை விழுந்த வட்டம் வரும், அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வெயில் காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று.

மழை பிடிக்கிற சமயத்தில் ஒரு மத்தியானம் கதவு திறந்தது. அவள்தான். தனியாக வந்திருந்தாள். கையில் அதே ஒயர் கூடை.

"மிஷினு வேணாம்," என்றாள் முதலிலேயே. அலமாரியைக் கையால் காட்டினாள். "இத்துல கீற பாட்டில யாரும் தொறக்க மாட்டீங்க, இல்ல?"

"மாட்டோம்."

துண்டைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தாள். அதே பாதி அளவு. மூடி அப்படியே இருந்தது.

"வூட்ல வெக்க முடியலக்கா. புள்ளைங்களுக்கு இருமலு. மாமியாரு எடுத்து ஊத்தப் போயிடுச்சி. புடுங்கி வெச்சிகினு பெரிய சண்ட. ஒரு மருந்து பாட்டிலுக்கு இன்னாடி இந்த ஆட்டம்னு கேக்கறாங்க. அவங்களாண்ட நான் இன்னான்னு சொல்றது?"

"என்னாண்ட எதுக்குடி கொண்டாந்த?" என்றேன்.

"வூட்ல எல்லாரும் தொற தொறன்னாங்க. நீதான தொறக்காதன்னு சொன்ன."

நான் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில், உள்பக்கமாக, மற்ற பாட்டில்களுக்குப் பின்னால் அவளே வைத்தாள். வைத்துவிட்டு லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒருமுறை திருப்பினாள், மூடியைத் தொடாமல், அடியைப் பிடித்து. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நானும் என்னுடையதைத் திறந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வந்தாள். சாப்பிடுவாள், கையைக் கழுவுவாள், அலமாரியை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். மற்ற நேரம் எல்லாம் அந்த ரூம் பழைய ரூம்தான்.

மிஷின் ரொம்ப நாள் தாங்கவில்லை. உப்புக் காற்றில் உள்ளே என்னவோ துருப்பிடித்து, ஒரு நாள் வெடுக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. முதலாளி ரிப்பேருக்கு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. என்னைத் திரும்ப லேபுக்குப் போகச் சொன்னார். பிறகு கம்பெனியே படுத்துக்கொண்டது. பேக்கிங் பெண்களை முதலில் நிறுத்தினார்கள், அவளும் போய்விட்டாள். அலமாரியைக் காலி பண்ணி, தேதி முடிந்த மருந்தையெல்லாம் கொட்டச் சொன்னபோது நான்தான் கொட்டினேன். பாட்டில் பாட்டிலாகத் திறந்து ஊற்றினேன். கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த ஒன்றை மட்டும் என் ஹேண்ட்பேக்கில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் ராயபுரத்துக்குக் கொண்டுவந்தேன்.

என் சமையல்கட்டில் மேல் தட்டில் இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும். சர்க்கரை பூத்து மூடியைச் சுற்றி வெள்ளையாக இறுகிவிட்டது. இனி யாராவது திறக்க நினைத்தாலும் லேசில் வராது. வாரத்துக்கு ஒருமுறை தூசி துடைப்பேன், அடியைப் பிடித்துக்கொண்டு.

அவள் இப்போது காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம்தான் போவேன். சும்மா கொடுத்துவிடுவாள் என்று நினைக்காதீர்கள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் பேரம் பேசிக் கத்துவோம். "உனக்குலாம் மீனே குடுக்கக் கூடாது, போ அந்தாண்ட!" என்பாள். நானும் விட மாட்டேன். அப்புறம் மீனை நறுக்கிப் பையில் போட்டு என் கையில் கொடுக்கும்போது, தலையைத் தூக்காமல், மெதுவாகக் கேட்பாள்.

"கீதுல்லக்கா?"

"கீதுடி," என்பேன்.